வாசலில் சொல்லக்கூடாத வார்த்தை

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் முன்வாசலை ஒட்டிய விசாரணை மேசைதான் ஒன்பது வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தை. வெளியே போகிறவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். எலும்பு டாக்டர் எந்த மாடி, ரத்தம் கொடுப்பது எங்கே, கழிப்பறை எந்தப் பக்கம் என்று வழி சொல்வது என் வேலை. அதற்குத்தான் சம்பளம். ஆனால் அந்த நாற்காலியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. ஜனங்கள் பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

இது சின்ன வயதிலிருந்தே இருக்கிற பைத்தியம். வில்லியனூரில் நாங்கள் மளிகை வாங்குகிற பாய் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. துவரம் பருப்பு தீர்ந்துபோயிருந்தால் “நாளைக்கு வருதும்மா” என்பார். கடையை மூடுகிறேன் என்றும் சொல்ல மாட்டார், “எடுத்து வெக்கிறேன்” என்பார். ஒருநாள் வேண்டுமென்றே அவரை வம்புக்கு இழுத்தேன். “பாய், ஒரே ஒரு வாட்டி இல்லைன்னு சொல்லுங்களேன், கேக்கணும்போல இருக்கு.” அவர் காலி டின்னை எடுத்து என் பக்கம் சாய்த்துக் காட்டி, “நீங்களே பாத்துக்குங்கம்மா” என்றார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்படிப்பட்டவளுக்கு ஆஸ்பத்திரி வாசல் கிடைத்தால் கேட்கவா வேண்டும். இங்கே யாரும் வெறுமனே வலிக்கிறது என்று சொல்வதில்லை. கடுக்கிறது என்பார்கள், குடைகிறது என்பார்கள், விண்ணுவிண்ணென்று தெறிக்கிறது என்பார்கள், சுருக்கென்று இழுக்கிறது என்பார்கள். எதற்கும் அடங்காவிட்டால் “ஒரு மாதிரியா இருக்கு” என்பார்கள். உள்ளே போனதும் டாக்டர் அத்தனையையும் வலி என்ற ஒரே வார்த்தையாக எழுதிக்கொள்வார் என்று நினைத்தால் எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும். பழைய டோக்கன் சீட்டுகளின் பின்பக்கத்தில் இதையெல்லாம் குறித்துவைப்பேன். திருபுவனையில் கம்பெனி வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ஷிப்ட் முடிந்து வந்ததும் என் கைப்பையைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு இன்னா வார்த்த பொறுக்கிக்கினு வந்த?” என்று கேட்பார். கிண்டல்தான். ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

நான் பொறுக்கியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது விடைபெறும் பேச்சு. நம் பக்கத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. தெருமுனையில் பால் வாங்கப் போனாலும் ‘போய்ட்டு வரேன்’தான். அவசரத்தில் வாய் தவறிவிட்டால் வீட்டில் கூப்பிட்டு நிறுத்தி, மாற்றிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். இந்த ‘போய்ட்டு வரேன்’ என்ற வார்த்தைக்குத் தடை உள்ள இடங்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டும். இன்னொன்று ஆஸ்பத்திரி. குணமாகி வீட்டுக்குப் போகிற மனிதர் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போவாரா?

ஆனால் பழகிய நாக்கு சும்மா இருக்காது. தினமும் என் மேசைக்கு முன்னால் அந்தக் கூத்து நடக்கும். நன்றாக வழி சொன்னேன், நாலு நாள் முகம் பார்த்துச் சிரித்தேன் என்பதற்காக என்னிடம் சொல்லிக்கொண்டு போக வருவார்கள். “போய்ட்டு...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். சிலர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்வார்கள். “போய்ட்டு... நீங்க நல்லாருங்க” என்று பாதியில் தண்டவாளம் மாறியவரும் உண்டு. பாகூர் பக்கத்துக்காரர் ஒருவர் இரண்டு கையையும் கூப்பி, முகம் நிறையச் சிரித்து, “வரமாட்டேம்மா” என்றார். வேறு எந்த வாசலில் சொன்னாலும் சண்டை என்று அர்த்தம். இங்கே அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

இப்படி நான் சுகமாக உட்கார்ந்திருந்த வாசலுக்குத்தான் அந்த செக்யூரிட்டி அண்ணன் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு முன் பாண்டி டவுனில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் இருபது வருடம் கதவு திறந்துவிட்டவர். நீலச் சட்டை, தொப்பி எல்லாம் ஆஸ்பத்திரி கொடுத்தது. உடம்பு மட்டும் இன்னும் பட்டுக்கடையிலேயே இருந்தது. முதல் நாள் காலையில், மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு கிழவரைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து, “வாங்க வாங்க, சந்தோஷம்” என்றார். கிழவர் அரண்டுபோய் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், பிரசவமாகிக் குழந்தையோடு கிளம்பிய ஒரு குடும்பத்தைப் பார்த்து, “போய்ட்டு வாங்க, மறுபடி வாங்க” என்றார். பெண்ணின் மாமியார் அவரை முறைத்த முறைப்பை என்னால் சீட்டில் எழுத முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அண்ணே, வாங்கன்னு சொல்றது பரவால்ல. போறவங்ககிட்ட போய்ட்டு வாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. இது ஆஸ்பத்திரி.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “பழக்க தோஷம்மா. கதவத் தொறந்தா வாயும் கூடவே தொறந்துக்குது.”

அன்று வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில், ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது அந்தக் கதையைக் கேட்பார்கள். நானும் எழுந்து நின்று குனிந்து காட்டுவேன். எனக்கு அதில் பெருமை வேறு.

அண்ணன் வந்து சேர்ந்த மாதத்திலேயே மணப்பட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் கடல் தொழில் செய்கிறவர், அந்த அம்மா மீன் விற்கிறவர். அவருக்குக் கால் இரண்டும் வீங்கி, முகம் உப்பி, படுத்தால் மூச்சு முட்டியது. சிறுநீரகத்தில் கோளாறு என்று பத்து நாள் வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்து, அவர் தானாகவே நடந்து வாசலுக்கு வந்த நாளில் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. என்னிடம் வந்து, “எம்மா, கெளம்பறோம்” என்று ஜாக்கிரதையாகச் சொன்னார். அண்ணன் கதவைத் திறந்தார். கூடவே வாயும் திறந்துகொண்டது.

“போய்ட்டு வாங்கம்மா, மறுபடி வாங்க.”

அந்த அம்மா நின்றார். மீன் கூவி விற்கிற குரல், கூடம் முழுக்கக் கேட்டது. “இன்னாயா சொன்ன? மறுபடி வரணுமா? ஆஸ்பத்திரி இன்னா எங்க மாமியா வூடா, வருசத்துக்கு ரெண்டு வாட்டி வந்து வந்து போவ? இன்னொரு தபா அந்த வார்த்த சொன்ன, உன் வாயில உப்பக் கொட்டிடுவேன்!”

அந்த அம்மாவின் வீட்டுக்காரர், “விடு, விடு, தெரியாம சொல்லிட்டாரு” என்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அண்ணன் சல்யூட் வைத்த கையை இறக்க மறந்து நின்றார். நான் குனிந்து மேசைக்குக் கீழே பேனாவைத் தேடுகிற மாதிரி சிரித்தேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிவைத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் திரும்ப வந்தார்கள். இந்த முறை அவர் தள்ளுநாற்காலியில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன, இனி செவ்வாயும் வெள்ளியும் வந்து மெஷினில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உயிர் இருக்கிற வரைக்கும். அந்த அம்மா கதவருகே அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“உன் வாய் முகூர்த்தம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து அண்ணன் போகிறவர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கதவைத் திறப்பார், உதட்டை இறுக்கிக்கொண்டு சல்யூட் வைப்பார், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். “இருவது வருசம் மறுபடி வாங்க மறுபடி வாங்கன்னு சொன்னேம்மா. நான் சொன்னேன்னு அந்தக் கடைக்கு ஒருத்தர்கூட திரும்பி வந்திருக்க மாட்டாங்க. இங்க சொன்னது பலிச்சிடுச்சு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. அது உடம்பு சம்பந்தப்பட்டது. உங்க வார்த்தையால இன்னா வரும்?” என்றேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கதவுக்குப் போய்விட்டார். நான் சொன்னதை நானே முழுசாக நம்பவில்லை. அடுத்த கல்யாணப் பந்தியில் யாரோ பட்டுக்கடை அண்ணன் கதையைக் கேட்டபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் காலை ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள். அவரை மேலே மெஷினில் விட்டுவிட்டு அந்த அம்மா என் மேசைக்கு எதிர் பெஞ்சில் வந்து உட்காருவார். நாலு மணி நேரம் போக வேண்டுமே, பேசுவோம். மணப்பட்டில் கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல மாட்டார்கள், தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்வார்கள் என்று அவரிடம்தான் கவனித்தேன். தொழில் என்றால் கடல் தவிர வேறு எதுவும் அவர் நினைப்பில் இல்லை.

“இவுரு தொழிலுக்குக் கெளம்பறப்ப எங்க போறன்னு கேக்க மாட்டேன், எப்ப வருவன்னும் கேக்க மாட்டேன்” என்றார் ஒருநாள். “கேக்கக்கூடாது. போய்ட்டு வரேன்னு அது சொல்லும், உம்னு நான் சொல்லுவேன். முப்பது வருசமா எங்களுக்குள்ள நடந்த பேச்சு அவ்ளோதான்னு வெச்சிக்கயேன்.”

நான் சீட்டை எடுத்தேன். “இன்னா எழுதற?” என்றார். சொன்னேன். “பைத்தியம்” என்று சொல்லிவிட்டு, சீட்டை எட்டிப் பார்த்து, “ஒழுங்கா எழுதினியா, உம்னு நான் சொல்றதையும் போட்டியா?” என்று கேட்டார்.

மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பார்த்துச் சாதாரணமாக, “வரோம்மா” என்றார். நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. பாதியில் நிறுத்தவும் இல்லை. ஒன்பது வருடத்தில் கிளம்பிப் போகிறவர் வாயிலிருந்து அந்த வார்த்தை முழுதாக, தயங்காமல் விழுந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது, புதுசாக ஒன்று கிடைத்ததே என்று. ‘வாரம் இரண்டு தரம் வருவதால் இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு’ என்று சீட்டில் எழுதி, தேதியும் போட்டேன். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. பதிலுக்கு நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அண்ணன் சல்யூட் வைத்தார். அதுவே வழக்கமாகிப்போனது. அவர் ‘வரோம்மா’ என்பார், நாங்கள் இரண்டு பேரும் ஊமைகளாக நிற்போம்.

பிறகு கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை ராத்திரி முழுக்கக் கொட்டி, வெள்ளிக்கிழமை விடிந்தபோது பாகூர், மணப்பட்டு பக்கத்தில் ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. அவர்கள் வரவில்லை. மெஷினில் ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறி மூச்சு முட்டிவிடும் என்று அந்த அம்மாவே எனக்குச் சொல்லியிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அவர்களுடைய போன் நம்பர் மேலே பைலில் இருக்கும். கேட்டால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. போன் செய்து, அந்தப் பக்கத்தில் வேறு யாராவது எடுத்து, கெட்டது நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை.

மதியம் அண்ணன் மேசைக்கு வந்தார். “வரலியேம்மா” என்றார். “ரோட்டுல தண்ணி” என்றேன். “தண்ணிதான்” என்று அவரும் சொல்லிவிட்டுக் கதவுக்குப் போய்விட்டார். அன்று நாலு பேர் அவர் கதவைத் திறக்கக் காத்திருந்தும் கவனிக்காமல், வெளி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று வீட்டில் என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேட்டபோது, “ஒண்ணுமில்ல” என்றேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு டிராக்டர் கேட்டுக்குள் நுழைந்தது. மணப்பட்டுக் கரையில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிற டிராக்டர். பின்னால் டிரெய்லரில் தார்ப்பாய்க்கு அடியில் அவர் சாய்ந்திருந்தார். அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா, தலையிலிருந்து கால் வரை சேறு. இடுப்பளவுத் தண்ணீரில் டிராக்டரை ஓட்டி மெயின் ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவருக்கு மூச்சு இழுத்த சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. அண்ணன் தள்ளுபடுக்கையை எடுத்துக்கொண்டு அந்த வயதில் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். லிப்ட் கதவு மூடும்வரை கூடவே போய்விட்டு, திரும்பி வந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் மட்டும் இல்லை அது.

பிழைத்துக்கொண்டார். உடனே மெஷினில் போட்டு, மூன்று நாள் மேலேயே வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை இன்னொரு முறை சுத்தம் பண்ணி, மதியம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. அந்த அம்மா தள்ளுநாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்து, “வரோம்மா” என்றார். நான் தலையை ஆட்டினேன். அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு சல்யூட் வைத்தார்.

நாற்காலி நின்றுவிட்டது.

“இன்னாயா, நீ ஊமையா?” என்றார் அந்த அம்மா.

அண்ணன் திகைத்துப்போனார். “இல்லியேம்மா...”

“எத்தினி நாளா நானும் பாக்கறேன். வரோம் வரோம்னு சொல்லிட்டுப் போறேன், பதிலுக்கு ஒரு வார்த்த கெடையாது. அன்னிக்கு மட்டும் வாய் நெறைய சொன்னியே, சொல்லேன் இப்ப.”

“எதம்மா சொல்றது?”

“போய்ட்டு வாங்கன்னு சொல்லு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த வாசலின் சட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. எனக்கு எழுந்து நிற்க மட்டும்தான் தோன்றியது.

“நீதானம்மா சொல்லக்கூடாதுன்ன. ஆஸ்பத்திரி இன்னா மாமியா வூடான்னு கேட்ட” என்றார் அவர்.

“கேட்டேன். அப்ப இந்தாள இனிமே இங்க வரவுடாம பாத்துக்கலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப வரலன்னா இன்னா ஆவும்னு நீயும்தான் பாத்த. நீ சொன்னா பலிக்குதுல்ல? பலிக்கிற வாய வெச்சிக்கினு ஏன்யா மூடிக்கினு நிக்கற? சொல்லுயா.”

நான் சீட்டில் எழுதிவைத்திருந்த ‘விதிவிலக்கு’ எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அந்த அம்மா அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் குறிப்பு எடுத்திருக்கிறேன்.

அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பி, பட்டுக்கடையில் குனிகிற மாதிரி இடுப்பு வரை குனிந்தார். கனைத்துக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

“போய்ட்டு வாங்க. வெள்ளிக்கெழம வாங்க.”

“போய்ட்டு வாங்க” என்று நானும் அவர்களிடம் சொன்னேன். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக. நாற்காலியில் இருந்தவர் ஊசி குத்திக் கட்டுப் போட்ட கையை மெல்லத் தூக்கி, “வரோம்பா” என்றார். “உம்” என்றார் அந்த அம்மா, அவருக்கும் சேர்த்து, எங்களுக்கும் சேர்த்து.

வாசற்படியைத் தாண்டிய நாற்காலி மறுபடி நின்றது. அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“அது இன்னா வெள்ளிக்கெழம மட்டும்? அதோட முடிஞ்சிடுமா? செவ்வாக்கெழமையும் சேத்துச் சொல்லுயா.”

அண்ணன் இன்னொரு தரம் குனிந்தார். “செவ்வாக்கெழமையும் வாங்கம்மா.”